அறுநூற்று நாற்பது அடி டிஸ்கோ

வளர்மதிக்கு வலது முழங்கால் முழுதாக மடங்காது. படுத்துக் கிடப்பவர்களைப் புரட்டவும் தூக்கவும் வேண்டிய வேலைக்கு முழங்கால் முக்கியம். அதனால் பயிற்சியில் சேர வந்த அன்றே எப்படி ஆயிற்று என்று கேட்டேன். மேடையிலிருந்து விழுந்ததாகச் சொன்னாள். என்ன மேடை என்றேன். டிஸ்கோ மேடை என்றாள். அப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது, நரைத்த தலை, காலில் ரப்பர் செருப்பு. நான் சிரிக்கவில்லை. முழங்காலை மடக்காமல் ஆளைத் தூக்க ஒரு முறை இருக்கிறது, அதைப் பழகிக்கொள் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டேன்.

நான் நர்ஸ். உத்திரமேரூரில் வீட்டுப் பராமரிப்பு வேலைக்காகப் பெண்களுக்கு மூன்று மாத வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாம் வாரம் நின்றுவிடுவார்கள். மலம் துடைக்க மனம் வராது. வளர்மதி ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. கையில் சுத்தம், பேச்சில் குறைவு. சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வாள். அவளைப் பற்றி நான் எழுதுவது அவள் நல்லவள் என்று காட்டுவதற்காக இல்லை. நடந்தது நடந்தபடி ஓர் இடத்தில் இருக்கட்டும் என்றுதான். முன்பு ஒரு முறை அவளைப் பற்றி ஊர் தப்பாகச் சொல்லிவைத்திருந்தது.

அவள் பிறந்த ஊர் உத்திரமேரூரிலிருந்து எட்டு கிலோமீட்டர். ஊர்ப் பெயர் வேண்டாம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், காலனியில் குடியிருந்தவர்கள். எண்பதுகளில் வாடகை வீடியோ டெக் வந்தபோது இவள் பள்ளியை விட்டிருந்தாள். டெக்கில் ஓடிய இந்திப் படத்தில் வெள்ளிக் கால்சட்டை போட்டவர்கள் கலர் விளக்குக்கு அடியில் ஆடியதை ஒரே தடவை பார்த்தாளாம். மறுநாள் களத்துமேட்டில் அப்படியே ஆடிக் காட்டினாளாம். பதினாறு வயதில் காஞ்சிபுரத்து டிஸ்கோ கோஷ்டி ஒன்று இவளைச் சேர்த்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் ஆடி வந்தால் ஊருக்கு ஊர் டிஸ்கோதான். கேசட்டில் பாட்டு, பெஞ்சும் பலகையும் சேர்த்துக் கட்டிய மேடை, டீசல் ஜெனரேட்டர். கால்பந்து ஒன்றின் மேல் உடைந்த கண்ணாடிச் சில்லுகளை ஒட்டி, சைக்கிள் டைனமோவைத் திருப்பிப் போட்டுச் சுற்ற விடுவார்கள். அந்தப் பந்தின் கீழ் வளர்மதி ஒற்றைக் காலில் பதினொரு சுற்று சுற்றுவாள். அவளுடைய ஜிகினா ரவிக்கை அவள் அம்மா சின்னப்பொண்ணு தைத்தது. தாமல் ஏரிக்கரையில், ஐயங்கார்குளத்தில், செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் மூன்று வருடம் ஆடினாள். போகிற ஊரில் எல்லாம் டிஸ்கோ வளரு வந்துவிட்டாளா என்று கேட்பார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு முதுகு நிமிரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு ஆடியில் கோஷ்டிக்கு அவளுடைய சொந்த ஊரிலேயே நிகழ்ச்சி கிடைத்தது. மேடை பால் சொசைட்டிக்கு முன்னால். முன் வரிசையில் கோயில் தர்மகர்த்தாவின் மகன் பச்சமுத்து உட்கார்ந்திருந்தார். இருபத்தொன்பது வயது, சில்க் சட்டை. தன் வயலில் களை எடுக்கிறவளின் மகள் தலைக்கு மேலே நின்று ஆடுவதும், கீழே ஊர்ப் பையன்கள் விசிலடிப்பதும் அவருக்கு ஆகவில்லை. டிஸ்கோவை நிறுத்திவிட்டுக் காவடி ஆடச் சொல் என்று ஆள் அனுப்பினார். வளர்மதி மைக்கை வாங்கினாள். பத்தொன்பது வயதுக்கு உரிய துடுக்கு.

"அண்ணனுக்கு டிஸ்கோ வராது போல கீது. மேல வரச் சொல்லுங்க, நான் கத்துக் குடுக்கிறேன்" என்றாள்.

கூட்டம் சிரித்தது. பச்சமுத்துவும் சிரித்தாராம். சிரித்தபடியே எழுந்து மேடைக்குப் பின்னால் போனார். அடுத்த பாட்டில் அவள் சுற்றத் தொடங்கி ஏழாவது சுற்றில் ஜெனரேட்டர் நின்றது. விளக்கும் பாட்டும் ஒன்றாகப் போயின. அமாவாசைக்கு முந்தின நாள். சுற்றிக்கொண்டிருந்தவளுக்குத் திசை தெரியவில்லை. லைட்டுப் போடுங்க, லைட்டுப் போடுங்க என்று கத்தினாள். யாரும் போடவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தாள். அங்கே பலகை இல்லை.

முழங்கால் சில்லு உடைந்தது. சரியான வைத்தியம் கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் ஊரில் பேச்சு முடிவாகிவிட்டது: டீசல் தீர்ந்தது, அந்தப் பெண் குடித்திருந்தாள், தானே விழுந்தாள். பச்சமுத்துதான் பஞ்சாயத்தில் எழுந்து இதைச் சொன்னவர். இனி இந்த ஊரில் டிஸ்கோ என்ற பேச்சே கூடாது என்று தீர்மானமும் அவரே கொண்டுவந்தார். ஜெனரேட்டர் ஓட்டிய சேட்டு ஒரு மாதம் கழித்து மருந்து எண்ணெய் கொடுக்கிற சாக்கில் சின்னப்பொண்ணிடம் வந்து, பச்சமுத்துதான் நிறுத்தச் சொன்னார் என்று சொல்லிவிட்டுப் போனார். என் கையில் என்ன இருக்கிறது, சொன்னதைச் செய்தேன் என்று அழுதாராம்.

குடிகாரி என்ற பெயர் வளர்மதியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு சம்பந்தம் அதனால் தட்டிப்போனது. அந்த நடவுக்கு அம்மாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. முப்பது வயதில்தான் பக்கத்து ஊரில் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு இறந்துபோனார். பிள்ளை இல்லை. பிறகு ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலை, அதிலிருந்து என் வகுப்பு. இவ்வளவையும் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. பாதியை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தால் அவளை அந்த வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு தை மாதம் சுதா என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். மாமனாருக்குப் பார்க்கின்சன், பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். யாருக்கு எந்த ஊர் பக்கம் என்று பார்த்துத்தான் ஆள் போடுவேன். வளர்மதியின் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். விலாசச் சீட்டைக் கொடுத்தேன். படித்தாள், நான்காக மடித்தாள். அந்த வீடு தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் சிஸ்டர். உள்ள போனதில்ல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அது என் தவறு. சுதாவின் மாமனார் அந்தப் பச்சமுத்துதான்.

பார்க்கின்சன் என்றால் கை நடுங்குவதைத்தான் ஊர் பார்க்கும். ஆளை முடக்குவது கால். நன்றாக நடந்து வருவார், வாசற்படி வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பலம் இருக்கும், எண்ணம் இருக்கும், கால் மட்டும் கிளம்பாது. பிடித்து இழுத்தால் முகம் குப்புற விழுவார். மாத்திரையோடு கூட இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று தாளம். சீராக ஒரே அளவில் விழும் சத்தத்தைக் கேட்டால் கால் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும். இன்னொன்று கோடு. தரையில் அடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடு போட்டுவிட்டால் ஒவ்வொன்றாக மிதித்து நடந்துவிடுவார். எல்லாருக்கும் பலிக்காது, பலருக்குப் பலிக்கும். குரலும் உள்ளே போய்விடும் நோய் இது. தினமும் காலையில் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து 'ஆ' என்று கத்த வைக்க வேண்டும். இவை மூன்றையும் வகுப்பில் சொல்லித் தருகிறேன். மூன்றையும் வளர்மதி நோட்டில் எழுதியிருந்தாள்.

முதல் வாரம் ஒன்றும் செய்யவில்லை. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், நேரத்துக்கு மாத்திரை கொடுத்தாள். ஐயா என்று கூப்பிடு என்று சுதாவின் கணவன் தினகரன் சொல்லிப் பார்த்தான். சார்னு கூப்பிடத்தான் சிஸ்டர் சொல்லிக் குடுத்தாங்க என்று இவள் சொல்லிவிட்டாள். எட்டாம் நாள் பச்சமுத்து குளியலறை வாசலில் கால் வராமல் நின்றுவிட்டார். கால் மணி நேரம். அப்போது இவள் கைப்பேசி அடித்தது. அதில் அவள் வைத்திருந்த மணி, பழைய டிஸ்கோ ஒன்றின் வெறும் தாளம். டும் டும் டும் டும் என்று நான்கு அடித்ததும் பச்சமுத்துவின் வலது கால் எழுந்தது, பிறகு இடது. குளியலறையைத் தாண்டி, கொல்லைக்குப் போய், தென்னை மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தாராம், தான் எப்படி வந்தோம் என்று.

அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் டிஸ்கோ. சின்ன ஒலிபெருக்கியை ஜன்னலில் வைத்துக் கூடத்தில் இருபது சுற்று. ஒரு மாதத்தில் பச்சமுத்து வாசற்படி தாண்டினார், இரண்டாம் மாதம் தெருவுக்கு வந்தார். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. இவள் வருவதற்குள் கட்டிலில் உட்கார்ந்து தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பாராம். தோள்கூட ஆட ஆரம்பித்ததாம். சுதா என்னிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். கோடு போட்டுப் பார்த்தார்களா என்று நான் கேட்டேன். என்ன கோடு என்றாள் சுதா. வளர்மதி அதை அந்த வீட்டில் சொல்லவே இல்லை.

மறுவாரம் அவளை வரவழைத்துக் கேட்டேன். அப்போதுதான் மேடைக் கதை முழுவதையும் சொன்னாள். பச்சமுத்து தன்னைக் கண்டுபிடித்துவிட்டதையும் சொன்னாள். மூன்றாம் வாரமாம். நடந்துகொண்டிருந்தவர் பாட்டு முடிந்ததும் நின்று, அவள் வலது காலையே பார்த்தாராம்.

"நீ சின்னப்பொண்ணு மவ தானே?"

"ஆமா சார்."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல சார். டிஸ்கோ வராதுன்னு நெனச்சேன், நல்லாத்தான் வருது உங்களுக்கு."

பச்சமுத்து அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளை நிறுத்தவும் சொல்லவில்லை. நிறுத்த முடியாது. அதற்குக் காரணம் ஆடித் திருவிழா.

அந்த ஊரில் கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை காலை, பச்சமுத்து வீட்டு மூத்தவர் கையில் காப்புக் கட்டிக்கொண்டு, தன் வீட்டிலிருந்து அம்மன் கோயில்வரை கரகத்துக்கு முன்னால் நடந்து போக வேண்டும். போனால் கோயிலில் அவர் தலையில்தான் பரிவட்டம், ஊரின் முதல் மரியாதை. காப்புக் கட்டியவரை வழியில் யாரும் தொடக்கூடாது, கைத்தடி கூடாது, உட்காரக்கூடாது. அவர் உயிரோடு இருக்கும்வரை மகன் அவருக்குப் பதில் போக முடியாது. அவரால் முடியவில்லை என்றால் முறை பங்காளி வீட்டுக்குப் போய்விடும், அதன் பிறகு திரும்பாது. போன வருடம் பச்சமுத்து வழியில் இரண்டு இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார். பங்காளி ராஜாராம், அடுத்த வருடமும் இப்படி என்றால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று ஊரார் முன்னால் சொல்லிவிட்டார். நான்கு தலைமுறை மரியாதை. பச்சமுத்துவுக்கு அதைவிட உயிர் பெரிதில்லை.

"அவர் நடப்பாரு சிஸ்டர். நான் நடக்க வைக்கிறேன்" என்றாள் வளர்மதி.

அவள் முகத்தைப் பார்த்தேன். விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும், அறுபத்தாறு வயதில் அது கொலைக்குச் சமம், என் வகுப்பில் படித்தவள் அதைச் செய்தால் நானே காவல் நிலையத்துக்குப் போவேன் என்று சொன்னேன்.

"வுழமாட்டாரு. அவர வுழ வைக்கறது எனக்கு வேணாம்."

வேறு என்ன வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. என்னால் ஊகிக்க முடிந்தது. சுதாவிடம் கோடு போடுவதைப் பற்றி நான் மறுபடி பேசவில்லை.

கரகத்தோடு வரும் பம்பை மேளத்துக்கு அவர் கால் வராது, அது தாவித் தாவி அடிக்கிற தாளம். டிஸ்கோதான் வேண்டும். ஆனால் ஊரில் டிஸ்கோ கூடாது என்று தீர்மானம் இருக்கிறது. விழாக் குழு கூடியது. அம்மன் பாட்டைப் போட்டு நடக்கட்டுமே என்றார் ஒருவர். அது மூன்று மூன்றாகப் போகிற பாட்டு, கால் பின்னிக்கொள்ளும் என்று வளர்மதி ஏற்கெனவே தினகரனிடம் சொல்லியிருந்தாள். தேடினால் நான்காகப் போகிற அம்மன் பாட்டும் கிடைத்திருக்கும். யாரும் தேடவில்லை. கடைசியில் பச்சமுத்துவே, முப்பத்தேழு வருடத்துக்கு முந்தின தீர்மானத்தைத் தானே வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். குரல் வராமல் தினகரன் அதை எடுத்துச் சொன்னான். வைத்திய காரியமாக, ஒரு நாளுக்கு மட்டும் என்று எழுதினார்கள். ராஜாராம் மட்டும், வைத்தியத்துக்கு விசிலடிக்கலாமா என்று கேட்டாராம்.

பெரிய ஒலிபெருக்கி இரண்டைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவர் சேட்டு. இப்போது அவர் சொந்தமாக ஒலி ஒளி வைத்திருக்கிறார். வளர்மதியின் கைப்பேசியை அதோடு இணைத்துக் கொடுத்தார். பச்சமுத்து வீட்டிலிருந்து கோயில்வரை வளர்மதி முன்பே அளந்து வைத்திருந்தாள். பச்சமுத்துவின் நடைக்கு அறுநூற்று நாற்பது அடி.

விழுந்தால் பார்க்க ஒருவர் வேண்டும் என்று சுதா என்னையும் வரச் சொல்லியிருந்தாள். போனேன். காலை ஒன்பது மணி. தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம். மஞ்சள் வேட்டி, மாலை, கையில் காப்புடன் பச்சமுத்து வாசற்படியில் ஒட்டிக்கொண்டு நின்றார். பின்னால் கரகம், பம்பைக்காரர்கள், ஊர். வளர்மதி அவருக்கு இடது பக்கம் ஒரு முழம் தள்ளி நின்றாள், சுத்தமான நீலப் புடவை, கையில் கைப்பேசி. அந்தத் தெருவில் சாமிக்கு முன்னால் காலனிப் பெண் நடந்து யாரும் பார்த்ததில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, வைத்திய காரியம்.

விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். தெரு அதிர்ந்தது.

பச்சமுத்து படி இறங்கினார். சும்மா இறங்கவில்லை, தோள் அசைந்து இறங்கினார். ஆறு மாதப் பழக்கம், உடம்பு கேட்கவில்லை. நூறு அடிக்குள் பின்னால் வந்தவர்களுக்கும் கால் நிற்கவில்லை. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பெரியவரு சோக்கா ஆடறாருப்பா என்று ஒரு குரல் கேட்டது. தினகரன் தலையைக் குனிந்துகொண்டான். பச்சமுத்துவின் காது சிவந்தது. ஆனால் நடந்தார். ராஜாராம் வீட்டைத் தாண்டும்போது கழுத்தைத் திருப்பி ஒரு பார்வைகூடப் பார்த்தார்.

பால் சொசைட்டிக்கு முன்னால் வந்தபோது வளர்மதி மறுபடி தட்டினாள். பாட்டு நின்றது.

பச்சமுத்து அப்படியே நின்றார், ஒரு கால் குதிகால் மட்டும் எழுந்தபடி. வளர்மதி உடனே அவர் பின்னால் வந்து, இரண்டு கையையும் அவர் இடுப்பைச் சுற்றி, தொடாமல், நான்கு விரல் இடைவெளியில் வைத்துக்கொண்டாள். விழுகிறவரைப் பிடிக்க நான் சொல்லிக் கொடுத்த நிலை அது. சரியாகச் செய்தாள்.

பம்பை தொடங்கியது. பயனில்லை. தினகரன் அப்பாவைப் பிடிக்க ஓடினான். சுதா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தொட்டால் மரியாதை போச்சு. தினகரன் வண்டியைப் பார்த்து, அண்ணே நீ போடு என்று கத்தினான்.

சேட்டு ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "என் கையில இன்னா கீது. போன் அவங்க கையில கீது" என்றார்.

அவர் வண்டியில் இருபது பாட்டு நிறைந்த பென் டிரைவ் ஒன்று செருகியே இருந்தது. நான் பார்த்தேன். என் காலுக்குப் பக்கத்திலும் யாரோ கோலம் போட்டுவிட்டு வைத்த மாவுக் கிண்ணம் இருந்தது. குனிந்து எடுத்து அவருக்கு முன்னால் பத்துக் கோடு இழுத்தால் அவர் நடந்திருப்பார். நான் குனியவில்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

பச்சமுத்துவின் உதடு அசைந்தது. பாட்டுப் போடு என்றார்.

"கேக்கல சார்" என்றாள் வளர்மதி. பம்பைக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். "இதே எடத்துல நானும் லைட்டு போடு லைட்டு போடுன்னு கத்தினேன். அன்னிக்கு டீசல் தீந்துதான் நின்னுச்சா?"

பச்சமுத்துவின் கால் நடுங்க ஆரம்பித்தது. ராஜாராம் தன் வாசலிலிருந்து இறங்கி மெதுவாக நடந்து அவருக்கு முன்னால் வந்தார், தோளில் துண்டைச் சரி செய்துகொண்டே. பச்சமுத்து அதைப் பார்த்தார்.

"இல்ல."

"காலையில ஆ-ன்னு கத்துவீங்களே சார், அந்த மாதிரி. மூச்ச இழுங்க."

பச்சமுத்து மூச்சை இழுத்தார். பாடத்தில் சொன்னபடியே நெஞ்சு விரிந்தது.

"நாந்தான் நிறுத்தச் சொன்னேன்."

தெரு முழுக்கக் கேட்டது. அவ்வளவு குரல் அவரிடம் இருப்பது அவர் வீட்டுக்காரர்களுக்கே தெரியாது.

"நான் குடிச்சிக்கினு இருந்தேனா?"

"இல்ல. நீ குடிக்கல."

"அப்பறம் ஏன் சார் பஞ்சாயத்துல அப்படிச் சொன்னீங்க?"

"நீ என்னப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்ச."

இதை அவர் கத்திச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மூச்சு மிச்சம் இருந்தது, கத்தியே வந்துவிட்டது. பால் சொசைட்டி திண்டில் உட்கார்ந்திருந்த கிழவர்களில் ஒருவர், சேட்டைப் பார்த்து நிஜமா என்று கேட்டார். சேட்டு வண்டியிலிருந்து இறங்கி, நிஜம்தான் என்று எல்லார் எதிரிலும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கும் முப்பத்தேழு வருடம் ஆகியிருந்தது.

வளர்மதி பக்கத்துக்கு வந்து நின்று பாட்டைப் போட்டாள், விட்ட இடத்திலிருந்து. பச்சமுத்து மிச்ச தூரத்தை நடந்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வெறும் தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது, அதற்கு ஒரு ஆள் ஆடிக்கொண்டு போனார். பரிவட்டம் கட்டினார்கள். ராஜாராம் வீட்டுக்கு முறை போகவில்லை. கோயில் வாசலில் வளர்மதி நின்றுவிட்டாள். ஒரு கிழவி வந்து அவள் கையைப் பிடித்து, உங்கம்மா இருந்து கேட்டிருக்கணும் என்றாள். வளர்மதி கையை விடுவித்துக்கொண்டு, சாருக்கு மாத்திரை நேரம் ஆயிடுச்சு என்றாள்.

தினகரன் மறுநாளே அவளை நிறுத்தப் பார்த்தான். சுதா, பன்னிரண்டு மணிக்கு உங்கப்பாவைக் கழுவி விடப் போவது நீயா என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வளர்மதி போனாள். பச்சமுத்து கட்டிலில் உட்கார்ந்து விரலால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். அவள் பையிலிருந்து கோலமாவை எடுத்தாள். கட்டிலிலிருந்து குளியலறைவரை, கூடத்திலிருந்து வாசல்வரை, அடிக்கு ஒரு கோடாகக் குறுக்கே இழுத்தாள்.

"பாட்டு?" என்றார்.

"கோடு கீது சார். மிதிச்சிக்கினு வாங்க."

மிதித்துக்கொண்டு வந்தார். நன்றாகவே வந்தார், வாசற்படியில்கூட நிற்கவில்லை. இத்தனை நாள் இதைச் செய்திருக்கலாமே என்றாள் சுதா. செய்திருக்கலாம்தான் என்றாள் வளர்மதி. தோள் மட்டும் ஆடவில்லை.

அடுத்த வாரம் மாவுக்குப் பதில் மஞ்சள் பெயிண்ட் வந்தது. சுதா வேறு கைப்பேசியில் வேறு பாட்டைப் போட்டுப் பார்த்தாளாம். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாராம், அவருக்கு அந்தப் பழைய டிஸ்கோதான் வேண்டும். அது வளர்மதியிடம் இருக்கிறது. இப்போது அவள் வேலைக்கு வரும்போது கைப்பேசியை அணைத்துப் பையின் அடியில் வைத்துவிடுகிறாள். வீட்டுக்குப் போன பிறகு போடுவாளா என்று கேட்டேன். சாயந்திரத்தில் தினம் போடுவதாகச் சொன்னாள். முழங்கால் மடங்காவிட்டாலும் இடது காலில் மூன்று சுற்று வருகிறதாம்.

நோயாளிக்கு எந்தக் குறையும் இல்லை. மாதம் ஒரு முறை நானே போய்ப் பார்க்கிறேன். எடை குறையவில்லை, புண் இல்லை, விழவில்லை. குரல் பயிற்சியை அவள் ஒரு நாளும் விட்டதில்லை, அதனால் குரல் நன்றாக இருக்கிறது. காலை ஆறு மணிக்கு, பாட்டுப் போடு வளர்மதி என்று அவர் கேட்பது பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறதாம்.